மூன்று நிமிட வதந்தியும் மூடிப்போன வங்கியும்

2013 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. நியூயார்க்கில் பிற்பகல் மணி 1.07. தக்கலையில் அப்போது இரவு 10.37. மும்பைப் பங்குச்சந்தை மூடி ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. அந்த நிமிடத்தில் அசோசியேட்டட் பிரஸ் (சுருக்கமாக ஏ.பி.) செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கில் ஒரு வரி வந்தது. வெள்ளை மாளிகையில் இரண்டு குண்டுகள் வெடித்தன, ஒபாமாவுக்குக் காயம் என்பதுதான் செய்தி.

அடுத்த சில நிமிடங்களில் டோ ஜோன்ஸ் குறியீடு சுமார் 140 புள்ளிகள் சரிந்தது. எஸ் அண்ட் பி 500 பட்டியலில் உள்ள நிறுவனங்களின் மதிப்பில் ஏறத்தாழ 13,600 கோடி டாலர் காணாமல் போனது. பிறகு ஏ.பி. ஊழியர்களே "எங்கள் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள்" என்று கூவினார்கள். வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் ஜே கார்னி, அதிபர் நலமாக இருக்கிறார் என்றார். 1.13 வாக்கில் சந்தை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. குண்டும் வெடிக்கவில்லை, கட்டடமும் இடியவில்லை. மொத்தக் கூத்தும் ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மி என்ற குழு இதற்குப் பொறுப்பேற்றது. அவர்கள் செய்த வேலையில் பெரிய கணினி வித்தை எதுவும் இல்லை. ஏ.பி. ஊழியர்கள் சிலருக்கு, கூட வேலை செய்பவர் அனுப்பியது போல ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அதில் இருந்த சுட்டியைச் சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும். யாரோ ஒருவர் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான்! அந்தக் காலத்தில் ட்விட்டரில் கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பிச் சரிபார்க்கும் வசதி கிடையாது. இந்தச் சம்பவத்துக்கு அடுத்த மாதம்தான் அதைக் கொண்டுவந்தார்கள். திருடு போன பிறகு பூட்டு வாங்குவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல போலிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருடர்கள் பணத்தைத் தொடவே இல்லை. அவர்கள் திருடியது ஒரு வாய். 1846-ல் தொடங்கிய, பொய் சொல்லாது என்று உலகம் நம்பிய ஒரு வாய். "வெள்ளை மாளிகையில் குண்டு" என்று ஊர் பேர் தெரியாத ஒருவர் எழுதியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏ.பி. சொன்னதால்தான் விற்றார்கள்.

விற்றவர்களில் பலர் மனிதர்களே இல்லை என்பது அடுத்த விஷயம். பெரிய முதலீட்டு நிறுவனங்களின் கணினிகள் செய்தி வரிகளைத் தாமாகவே படிக்கின்றன. குண்டு, வெள்ளை மாளிகை, காயம் ஆகிய சொற்கள் ஒரே வரியில் நம்பகமான கணக்கிலிருந்து வந்தால் விற்கச் சொல்லி எழுதப்பட்டிருக்கும். கணினிக்கு எதிர்க் கட்டடத்து ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கத் தெரியாது. அது விற்பதைப் பார்த்து மற்றொரு கணினி விற்கும். அதைப் பார்த்து மனிதர்களும் விற்பார்கள்.

விலைதான் திரும்பி வந்துவிட்டதே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். தக்கலைச் சந்தையில் ஏத்தன் குலை விற்க வந்தவரை நினைத்துக்கொண்டால் இது புரியும். விலை இதற்குக் கீழே போனால் உடனே தள்ளிவிடு என்று கமிஷன்காரரிடம் சொல்லிவிட்டு அவர் சாயா குடிக்கப் போகிறார். அந்தப் பத்து நிமிடத்தில் யாரோ ஒரு புரளியைக் கிளப்ப, விலை விழுகிறது. குலை கைமாறிவிடுகிறது. திரும்பி வரும்போது விலை பழையபடி நிற்கிறது, ஆனால் குலை இவரிடம் இல்லை. பங்குச்சந்தையில் இதற்கு ஸ்டாப் லாஸ் என்று பெயர். குறியீடு மீண்டதால் எல்லோரும் மீண்டதாக அர்த்தமில்லை. பாதாளத்தில் விற்றவர் விற்றவர்தான், அதே நொடியில் வாங்கியவர் வாங்கியவர்தான்.

இது கணினிக் காலத்து வியாதி என்று நினைப்பவர்கள் இதே ஏ.பி. நிறுவனத்தின் பழைய கதையைக் கேட்க வேண்டும். 1864 மே 18, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நியூயார்க் பத்திரிகை அலுவலகங்களில் இரவு ஆசிரியர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்ட விடியற்காலையில், ஏ.பி. வழக்கமாக அனுப்பும் மெல்லிய தாளில், வழக்கமான கையெழுத்துப் பாணியில் ஒரு செய்தி வந்து சேர்ந்தது. அதிபர் லிங்கன் இன்னும் 4 லட்சம் வீரர்களைப் படைக்குக் கேட்கிறார் என்றது அது. போர் மோசமாகப் போகிறது என்று அதற்குப் பொருள். போர் மோசமானால் காகிதப் பணத்தின் மதிப்பு குறையும், தங்கத்தின் விலை ஏறும்.

பல பத்திரிகைகள் சந்தேகப்பட்டு ஒருவரையொருவர் விசாரித்து நிறுத்திக்கொண்டன. நியூயார்க் வேர்ல்ட், ஜர்னல் ஆஃப் காமர்ஸ் இரண்டும் அச்சிட்டுவிட்டன. தங்கம் ஏறியது. வெளியுறவுச் செயலர் சிவார்டு மறுப்புத் தந்தி அடித்தார். இரண்டே நாளில் ஆள் பிடிபட்டார். ஜோசப் ஹோவர்ட் என்ற பத்திரிகையாளர்! தங்கம் வாங்கி வைத்துக்கொண்டு பொய்ச் செய்தியைத் தயாரித்திருக்கிறார். பத்திரிகை அலுவலகத்தில் எந்த நேரத்தில் யார் இருப்பார்கள், எந்தத் தாளை நம்புவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பொய்யை அச்சிட்ட இரண்டு பத்திரிகைகளையும் லிங்கனின் உத்தரவுப்படி ராணுவம் சில நாட்கள் மூடி வைத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டே மாதத்தில், ஜூலையில், லிங்கன் நிஜமாகவே 5 லட்சம் பேரைக் கேட்டார்.

அதற்கும் 50 வருடம் முன்பு லண்டனில் நடந்ததுதான் இந்த வகையில் மூத்த கதை. 1814 பிப்ரவரி 21 அதிகாலை, டோவர் துறைமுகத்தில் ஒரு விடுதிக் கதவைச் சிவப்பு ராணுவ உடையணிந்த ஒருவர் தட்டுகிறார். தன் பெயர் கர்னல் து பூர் என்கிறார். நெப்போலியன் கொல்லப்பட்டான், நேச நாட்டுப் படைகள் பாரிஸில் நுழைந்துவிட்டன என்கிறார். கடற்படைத் தளபதிக்கு ஒரு கடிதமும் எழுதி அனுப்புகிறார். அவர் அதை மலைக்கு மலை கை காட்டும் தந்திக் கோபுரங்கள் வழியாக லண்டனுக்கு அனுப்புவார் என்பது கணக்கு. அன்று மூடுபனி. கோபுரம் வேலை செய்யவில்லை. ஆனாலும் செய்தி குதிரை வண்டியில் லண்டன் போய்ச் சேர்ந்தது. வெற்றிச் சின்னம் அணிந்த ஆட்கள் இன்னொரு வண்டியில் நகரத்தின் பாலத்தைக் கடந்து ஊர்வலம் போனார்கள். அரசாங்கக் கடன் பத்திரங்களின் விலை எகிறியது. மதியத்துக்குள் பொய் என்று தெரிந்து விழுந்தது.

பங்குச்சந்தைக் குழு விசாரித்தபோது, அன்று காலை ஆறு பேர் சேர்ந்து 11 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பத்திரங்களை விற்றிருந்தது தெரிந்தது. அவர்களில் ஒருவர் பெரிய கடற்படை வீரரும் பாராளுமன்ற உறுப்பினருமான காக்ரேன் பிரபு. அவருக்கு ஒரு வருடச் சிறை, 1,000 பவுண்டு அபராதம். கடைசிவரை தான் நிரபராதி என்றே அவர் சொன்னார். 1832-ல் அரச மன்னிப்பு கிடைத்தது. கர்னல் உடையில் வந்தவர் து பெரஞ்சர் என்பவர். இன்றைய மொழியில் சொன்னால், அந்தச் சிவப்புச் சட்டைதான் அவர் ஹேக் செய்த கணக்கு.

பிரான்சில் பிளாங்க் சகோதரர்கள் இதையே வேறு மாதிரி செய்தார்கள். 1834 முதல் 1836 வரை அரசாங்கத்தின் கோபுரத் தந்தி ஊழியர் ஒருவருக்கு லஞ்சம் கொடுத்து, அரசுச் செய்திகளில் சின்னச் சின்னப் பிழைகளைச் செருக வைத்து, பாரிஸ் சந்தை ஏறியதா இறங்கியதா என்பதைப் போர்தோவில் மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள். அவர்கள் அனுப்பியது பொய் இல்லை, திருட்டுத்தனமாக ஏற்றிய உண்மை. பிடிபட்டபோது இதற்கென்று ஒரு சட்டமே இல்லை. சகோதரர்களில் ஒருவரான பிரான்சுவா பிளாங்க் பிற்பாடு மான்டி கார்லோ சூதாட்ட விடுதியை நடத்திப் பெரும் பணக்காரரானார். பொருத்தமான தொழில்தான்.

சரி, உலகத்தைச் சுற்றியது போதும். நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

தக்கலை இன்று கல்குளம் தாலுகாவின் தலைமையிடம். 1956 நவம்பர் 1 வரை இந்தத் தாலுகா தமிழ்நாட்டில் இல்லை. முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானம், 1949 ஜூலைக்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. தக்கலையை ஒட்டிய பத்மநாபபுரம்தான் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை சமஸ்தானத்தின் தலைநகரம். (அரண்மனை மட்டும் இப்போதும் கேரள அரசின் வசம் இருப்பது அதனால்தான்.) சமஸ்தானத்துக்குச் சொந்தத் தபால் துறை உண்டு, அதற்கு அஞ்சல் என்று பெயர். சொந்த நாணயமும் உண்டு. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு அரைச் சக்கரம் கூட, அதாவது 28½.

அந்தத் திருவிதாங்கூரில் 1930-களில் வங்கிகள் மழைக்கால காளான் போல முளைத்திருந்தன. சின்னதும் பெரியதுமாக நூற்றுக்கணக்கில். மிளகு, தேங்காய், ரப்பர் விற்ற காசு சீட்டிலும் இந்த வங்கிகளிலும்தான் போய்ச் சேரும். அவற்றில் பெரியவை இரண்டு. ஒன்று மலையாள மனோரமா பத்திரிகை ஆசிரியர் கே.சி.மாம்மன் மாப்பிள்ளை 1912-ல் தொடங்கிய திருவிதாங்கூர் நேஷனல் வங்கி. மற்றொன்று சி.பி.மாத்தனின் கொல்லம் வங்கி, வெள்ளைக்காரன் உச்சரிப்பில் குயிலோன் பாங்க். 1937-ல் இரண்டும் இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி ஆனது. சென்னை மாகாணம் வரை கிளை பரப்பி, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றாக நின்றது.

அடுத்த வருடமே, 1938 ஜூன் 21 அன்று, அது கதவடைத்தது.

நடந்தது என்ன? 1938 பிப்ரவரியில் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவானது. பொறுப்பாட்சி வேண்டும் என்றது. திவான் சர் சி.பி.ராமசாமி அய்யருக்கு அது பிடிக்கவில்லை. மாம்மன் மாப்பிள்ளையும் அவருடைய பத்திரிகையும் திவானுக்கு எதிர்ப்பக்கம் நின்றன. இந்தச் சமயத்தில்தான் வங்கி ஆட்டம் கண்டிருக்கிறது, பணம் போட்டவர்கள் சீக்கிரம் எடுத்துக்கொள்வது நல்லது என்ற பேச்சு பரவியது. பாஸ்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கிளைகளுக்கு ஓடினார்கள். மூன்று வருடம் முன்பு, 1935-ல் பிறந்திருந்த ரிசர்வ் வங்கி இந்த வங்கியைக் காப்பாற்றவில்லை. வங்கி விழுந்தது.

அந்தப் பேச்சை யார் கிளப்பியது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. அரசியல் பகையால் திவான் தரப்பே திட்டமிட்டு வதந்தியைப் பரப்பி ஒரு நல்ல வங்கியைக் கொன்றது என்பது மனோரமா பக்கத்துக் கதை. வங்கி உள்ளுக்குள் ஏற்கெனவே செல்லரித்துப் போயிருந்தது, கடன் கொடுத்ததிலும் கணக்கு எழுதியதிலும் ஒழுங்கில்லை, வதந்தி வெறும் சாக்கு என்பது அரசு பக்கத்துக் கதை. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஒன்று, செல்லரிக்காத வங்கியும் இந்த ஓட்டத்தில் நிற்காது. வங்கி என்பது எல்லோர் பணத்தையும் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காவல் காக்கும் இடம் அல்ல. பத்து பேர் போட்டதில் ஒருவருக்கு வேண்டிய ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். தோப்பை அடமானம் வைத்து வாங்கிய கடனை ஒரே நாளில் திருப்பித் தா என்றால் யாரால் முடியும்? பத்து பேரும் ஒரே காலையில் வந்து நின்றால் எப்பேர்ப்பட்ட வங்கியும் படுத்துவிடும்.

இங்கேதான் 2013 வதந்திக்கும் 1938 வதந்திக்கும் உள்ள வித்தியாசம். ட்விட்டரில் எழுதியதால் வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்துவிடாது. உண்மை தெரிந்ததும் பொய் செத்துவிடும். வங்கி விஷயம் அப்படியல்ல. வங்கி விழப்போகிறது என்ற பொய்யைப் போதுமான பேர் நம்பினால், அது உண்மையாகிவிடுகிறது. வதந்தியை நம்பாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நல்ல மனிதர்தான் கடைசியில் ஏமாந்தவர். நம்பி ஓடிய அவசரக்காரர் பணத்தோடு வீடு திரும்பினார். பொய்யை நம்பியவனுக்குப் பரிசு, நம்பாதவனுக்குத் தண்டனை என்றால் அடுத்த முறை யார்தான் நிதானமாக இருப்பார்கள்? அதே வருடம் தென்னிந்தியாவின் மற்ற வங்கிகளிலும் ஜனங்கள் பணத்தை எடுக்க ஓடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1938 செப்டம்பர் 10 அன்று மலையாள மனோரமா அலுவலகம் சீல் வைக்கப்பட்டது. கொஞ்ச காலம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்த குன்னங்குளத்திலிருந்து வெளிவந்து, பிறகு அதுவும் நின்றது. அக்டோபரில் மாம்மன் மாப்பிள்ளையும் மாத்தனும் கைது செய்யப்பட்டுத் திருவிதாங்கூருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மாம்மன் மாப்பிள்ளை 1941 வரை சிறையில் இருந்தார். திவான் 1947-ல் பதவி விலகிய பிறகுதான் பத்திரிகை மீண்டும் வந்தது. ஹேக்கர் ஒரு வாயைத் திருடுகிறான், இங்கே ஒரு வாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். வங்கியைப் பற்றி ஊரில் என்ன பேசினாலும், வங்கிக்காரர் பதில் சொல்லப் பத்திரிகை இல்லை.

வீழ்ச்சியின் சூடு ரிசர்வ் வங்கியையும் சுட்டது. காப்பாற்றவில்லையே என்ற விமர்சனம் எழ, 1939-ல் வங்கிகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று அது யோசனை அனுப்பியது. சட்டம் வந்தது 1949-ல். அதுவும் போதவில்லை. 1960 ஆகஸ்ட் 8 அன்று கேரளத்தின் பாலா சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகுதான் வைப்புத்தொகைக்குக் காப்பீடு என்ற எண்ணம் வேகம் பிடித்தது. 1962 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பீடு. 2020 பிப்ரவரி முதல் அது 5 லட்சம். காப்பீட்டின் முதல் பயன் வங்கி விழுந்த பிறகு பணம் கொடுப்பது என்று தோன்றும். உண்மையில் அது, வதந்தி காதில் விழுந்தாலும் எழுந்து ஓடாமல் இருக்க ஒரு காரணம் கொடுக்கிறது.

இன்னொரு கிளைக்கதை. மாம்மன் மாப்பிள்ளையின் மகன்களில் ஒருவர் 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி. பங்கு விலையில் ஒரு லட்சம் ரூபாயை 2023-ல் தொட்ட முதல் இந்தியப் பங்கு. வதந்தியில் விழுந்த குடும்பத்தின் பெயர் சந்தையில் இப்படித் திரும்பி வந்தது.

வங்கி வதந்தி அதோடு ஒழிந்துவிடவில்லை. 2003 ஏப்ரலில் குஜராத்தில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி பற்றிப் புரளி கிளம்பி ஏ.டி.எம். வாசல்களில் கூட்டம் முண்டியது. ரிசர்வ் வங்கி உடனே அறிக்கை விட்டது, வங்கியும் ரொக்கத்தைக் கொண்டுவந்து குவித்தது. சில நாளில் அடங்கியது. 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது அதே வங்கி பற்றி மீண்டும் புரளி, மீண்டும் ரிசர்வ் வங்கியின் அறிக்கை, மீண்டும் அடங்கியது. 1938-ல் இல்லாதது இதுதான். மறுப்புச் சொல்ல நம்பகமான ஒரு வாய், சொன்ன கையோடு பணத்தைக் காட்ட ஒரு கை. கலிஃபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு 2023 மார்ச் 9 அன்று அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. ஒரே நாளில் 4,200 கோடி டாலரைக் கைப்பேசி வழியாகவே எடுத்துவிட்டார்கள். க்யூவில் நிற்பதற்கு ஆகும் நேரம்கூட ஒரு காலத்தில் வங்கிக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

அப்படியானால் மறுப்புச் சொல்ல வேண்டிய அந்த நம்பகமான வாயையே திருடிவிட்டால்?

அதுவும் நடந்துவிட்டது. அமெரிக்காவில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் ஆணையம் எஸ்.இ.சி., நம் ஊர் செபி மாதிரி. பிட்காயினைச் சந்தையில் ஃபண்டாக விற்க அது அனுமதி தருமா தராதா என்று உலகமே காத்திருந்தது. 2024 ஜனவரி 9 அன்று அந்த ஆணையத்தின் எக்ஸ் (பழைய ட்விட்டர்) கணக்கிலேயே அனுமதி கொடுத்தாகிவிட்டது என்று பதிவு வந்தது. பிட்காயின் விலை 1,000 டாலருக்கு மேல் ஏறியது. ஆணையத் தலைவர் கேரி ஜென்ஸ்லர் தன் சொந்தக் கணக்கில் அது பொய் என்று எழுத, 2,000 டாலருக்கு மேல் விழுந்தது. மறுநாள் நிஜமாகவே அனுமதி கொடுத்தார்கள்! லிங்கன் கதையேதான்.

திருட்டு நடந்த விதம்தான் வயிற்றைக் கலக்குகிறது. அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் போலி அடையாள அட்டை அச்சடித்துக்கொண்டு செல்போன் கடைக்குப் போய், ஆணையத்தின் கணக்கோடு இணைத்திருந்த எண்ணுக்குப் புது சிம் வாங்கினார். கடவுச்சொல்லை மாற்றும் ரகசிய எண் அந்தப் போனுக்கு வந்தது. அதைக் கூட்டாளிகளுக்கு அனுப்பினார். ஆணையத்தின் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு 2023 ஜூலை முதலே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கணக்கைப் பத்திரமாக வையுங்கள் என்று கம்பெனிகளுக்கெல்லாம் பாடம் எடுக்கும் ஆணையம்! அந்த இளைஞருக்கு 2025 மே மாதம் 14 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1814-ல் சிவப்புச் சட்டை, 2024-ல் போலி அட்டை.

இந்தியாவிலும் இதற்குப் பஞ்சமில்லை. 2021 டிசம்பர் 12 அதிகாலை 2 மணிக்கு மேல் பிரதமர் மோடியின் ட்விட்டர் கணக்கில், பிட்காயினை இந்தியா சட்டப்பூர்வப் பணமாக ஏற்றுக்கொண்டது, அரசு 500 பிட்காயின் வாங்கி மக்களுக்குக் கொடுக்கப்போகிறது என்று வந்தது. பாராளுமன்றத்தில் கிரிப்டோ மசோதா வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. ஆகவே பொய்யை மிகச் சரியான மண்ணில்தான் விதைத்தார்கள். நல்லவேளை, நாடு தூங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கணக்கை மீட்டுவிட்டார்கள். 2024 செப்டம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் யூட்யூப் பக்கத்திலேயே ரிப்பிள் என்ற கிரிப்டோ நாணயத்துக்கு விளம்பரம் ஓடியது. அதே வருடம் ஏப்ரலில் தேசியப் பங்குச்சந்தைத் தலைவர் ஆஷிஷ்குமார் சவுகானின் முகத்தையும் குரலையும் கணினியில் தயாரித்துப் பங்கு சிபாரிசு செய்யும் காணொளிகள் சுற்றின. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று பங்குச்சந்தை எச்சரிக்க வேண்டியிருந்தது. இப்போது கணக்கைத் திருடக்கூட வேண்டாம், முகத்தைத் திருடினால் போதும்.

ஆனால் இந்தியச் சந்தையில் ஒரே நாளில் பெரிய அடி கொடுத்தது ஹேக்கர் அல்ல, வாட்சப். 2018 செப்டம்பர் 28 அன்று இன்ஃபிபீம் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் 70 சதவீதம் விழுந்தது. ஒரு தரகு நிறுவனத்தின் ஆய்வுக் குறிப்பு என்ற பெயரில், இன்ஃபிபீம் தன் துணை நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் பற்றி வாட்சப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றியதே காரணம் என்று பேசப்பட்டது. நிறுவனம் மறுத்தது. எழுபது சதவீதம் என்றால் 100 ரூபாய் போட்டவரிடம் சாயங்காலம் 30 ரூபாய். ஏ.பி. கதையைப் போல ஆறு நிமிடத்தில் எதுவும் திரும்பி வரவில்லை.

இதற்கெல்லாம் செபி கொண்டுவந்த மருந்து, வதந்தியைச் சரிபார்க்கும் விதி. 2024 ஜூன் 1 முதல் முதல் 100 பெரிய நிறுவனங்களும், அந்த வருடம் டிசம்பர் 1 முதல் முதல் 250 நிறுவனங்களும், தங்களைப் பற்றி வரும் செய்தியால் பங்கு விலை குறிப்பிடத்தக்க அளவு ஆடினால், 24 மணி நேரத்துக்குள் உண்மையா பொய்யா என்று சொல்லியாக வேண்டும். 24 மணி நேரம் என்பது 1938-க்குப் பெரிய வேகம். மூன்று நிமிடத்தில் சரிந்து எழும் சந்தைக்கு அது ஒரு யுகம். இன்னொன்றும் உண்டு. இந்த விதி முக்கிய ஊடகங்களில் வரும் செய்திக்குத்தான். பத்திரிகை, தொலைக்காட்சி, செய்தி இணையதளம் ஆகியவை இதில் அடங்கும். வாட்சப் குழுவில் யாரோ தட்டிவிடும் தகவலுக்கு நிறுவனம் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை.

முதல் 250-க்கு வெளியே ஆயிரக்கணக்கான சின்னக் கம்பெனிகள் இருக்கின்றன. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ சிறுகச் சேர்த்து ஆன்லைனில் பங்கு வாங்குகிறவருக்கு, இருபது ரூபாய்ப் பங்கு இருநூறு ஆகும் என்று வரும் செய்திகள் பெரும்பாலும் அந்தக் கம்பெனிகளைப் பற்றியவை. அவரிடம் இருக்கும் பணத்தில் வங்கியில் போட்ட பகுதிக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. பங்கில் போட்ட பகுதிக்கு, 1938-ல் பாஸ்புத்தகத்தோடு நின்றவருக்கு இருந்த அளவுக்குத்தான்.